254 கிலோமீட்டர், நான்கு நாள்: புந்தரிலிருந்து லே வரை

செப்டம்பர் 5, 2024: புந்தர்

காலை எட்டரைக்கு விமானத்தின் சத்தம் கேட்டது. எல்லோரும் கண்ணாடிப் பக்கம் போய் நின்றோம். சத்தம் மட்டும்தான். மேகத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு அது போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து ஒரு பையன் வந்தான். விமானம் சண்டிகருக்குத் திரும்பிவிட்டது, இன்றைக்கு டெல்லி சேவை ரத்து என்று சொன்னான். யாரும் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

புந்தர் விமான நிலையம் இமாச்சலப் பிரதேசத்தில், குலுவுக்குப் பத்து கிலோமீட்டர் தெற்கே, பியாஸ் ஆற்றின் கரையை ஒட்டி இருக்கிறது. ஓடுதளம் மொத்தமே 1,128 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுதளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டு பக்கமும் மலை, ஒரு பக்கம் ஆறு. விமானிக்குக் கண்ணால் ஓடுதளம் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் இறங்க முடியாது. இறங்கினாலும் திரும்ப ஏறும்போது முழுச் சுமையோடு ஏற முடியாதாம், சில இருக்கைகளைக் காலியாகவே விடுவார்களாம். இதையெல்லாம் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற குலுக்காரர் நிதானமாக விளக்கினார். அவர் மகள் திருமணத்துக்கு டெல்லியில் துணி எடுக்கக் கிளம்பியவர். "மழைக்காலத்தில் இங்கே டிக்கெட் என்பது ஒரு விண்ணப்பம்தான்" என்றார். கோபமே இல்லை. பையிலிருந்து இரண்டு ஆப்பிளை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அப்படிப் போக வீடு இல்லை. இன்று டெல்லி, நாளை அதிகாலை டெல்லியிலிருந்து லடாக்கின் லே என்பது திட்டம். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதலாவது ரத்தானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. ரத்தான டிக்கெட்டின் பணம் ஏழு நாளில் வரும் என்றார்கள். இதைப் பதிவிடும் நாள் வரை வரவில்லை.

தம்பி மூலையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இங்க பாரு. புந்தர் ஏர்போர்ட்ல இருந்து லே ஏர்போர்ட் 254 கிலோமீட்டர்தான். விமானத்துல 50 நிமிஷம்."

"எந்த விமானத்துலலே?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அப்படி ஒரு விமானமே கிடையாது. இரண்டு நிலையங்களின் இடத்தைக் கொடுத்தால் இடைப்பட்ட தூரத்தைக் கணக்குப் போட்டு, அதை ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்கிறது இயந்திரம். அதன் மேல் தப்பில்லை. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்திய கை சும்மா இருக்காது. புந்தர் அட்சரேகை 31.88, லே 34.14. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்தால் வடக்கே 251. தீர்க்கரேகை வித்தியாசம் 0.4 பாகை, அந்த உயரத்து அட்சரேகைக்குக் கொசைன் போட்டால் கிழக்கே 37. பிதாகரஸ் தேற்றம்: 254. சரிதான். கன்னியாகுமரியிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்.

போடும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. லேயின் தீர்க்கரேகை 77.55. கன்னியாகுமரியும் ஏறத்தாழ அதேதான். குமரி முனையில் நின்று நேர் வடக்கே ஒரு கோடு போட்டால், 2,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போய் லே ஓடுதளத்தில் முட்டும். இதை வகுப்பில் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். இன்று ஆசிரியர் தினம் வேறு. பழைய மாணவர்களின் வாழ்த்துகள் காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன.

விமானத்தில் லே போக வேண்டுமானால் தெற்கே டெல்லிக்கு 370 கிலோமீட்டர் இறங்கி, அங்கிருந்து வடக்கே 620 கிலோமீட்டர் ஏற வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போக ஊர்க்கோடி வரை நடந்து திரும்புகிற கதை. அதற்கும் நான்கு நாளைக்கு இருக்கை இல்லை. சாலையில் போனால் 480 கிலோமீட்டர் சொச்சம். தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு அறுபத்தொன்று, அவனுக்கு ஐம்பத்தாறு. யார் முதலில் மயங்கி விழுவார் என்று இருவரும் ஒரே நேரத்தில் யோசித்திருப்போம்.

மாலையில் மணாலிக்கு வாடகை வண்டி, 2,200 ரூபாய். ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் இந்தச் சாலையைப் பல இடங்களில் அப்படியே கடித்துக்கொண்டு போனது. ஒரு வருடம் கழித்தும் பாதிச் சாலையில் வேலை நடக்கிறது. எதிரே வரிசையாக ஆப்பிள் லாரிகள். இரவுச் சாப்பாடு சித்து: கோதுமை மாவைப் புளிக்க வைத்து, வால்நட் பூரணம் வைத்து, ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றித் தருகிறார்கள். ஒன்று 120 ரூபாய். ஒன்றே போதும் என்று சொல்லியும் தம்பி இரண்டு தின்றான். ராத்திரி முழுக்க அவன் வயிறு பேசியது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 6: மணாலி – ஜிஸ்பா

மணாலியிலிருந்து அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி அன்று இரவே லே சேர்க்கிற பங்கு வண்டிகள் உண்டு. ஒரே நாளில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது. விடுதிக்காரர் என் நரைமுடியைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தனி வண்டி, 26,000 ரூபாய், வழியில் ஓர் இரவு தங்கல். தம்பி பேரம் பேசி 25,500 ஆக்கினான். அந்த ஐந்நூறைப் பற்றி மூன்று நாள் பேசினான்.

ஓட்டுநர் லாஹௌல்காரர், அதாவது மணாலிக்கு வடக்கே மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை "மாதாஜி" என்றும் தம்பியை "பாய் சாப்" என்றும் கூப்பிட்டார். என் இந்தி, ஹிந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக், மத்யமா பாஸ் செய்த இந்தி. "யஹ் கலம் ஹை, வஹ் மேஜ் ஹை" வரைக்கும் தைரியமாகப் பேசுவேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

மணாலியில் நல்ல மழை. அடல் சுரங்கத்துக்குள் நுழையும்போது வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே 9 கிலோமீட்டர், மஞ்சள் விளக்கு, பேச்சு இல்லை. வெளியே வந்தால் வெயில்! அந்தப் பக்கம் தேவதாரு மரமும் மூடுபனியும், இந்தப் பக்கம் மொட்டை மலையும் நீல வானமும். பருவமழை மேகம் இந்த பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டி வருவதில்லை, வந்தாலும் தூறலோடு சரி. செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது சங்கரன்கோவிலில் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு நாடே மாறுவதை இங்கேதான் பார்த்தேன். ஓட்டுநர் வைப்பரை நிறுத்தவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது கிரீச் கிரீச்சென்று கொஞ்ச தூரம் ஓடியது.

சுரங்கம் திறந்தது 2020 அக்டோபர் 3. அதற்கு முன் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயைத் தாண்டித்தான் லாஹௌலுக்குப் போக முடியும். சாலையில் 46 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. ஓட்டுநருக்கு அந்த 46 பெரிதில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது நவம்பரில் பனி மூடினால் வசந்தம் வரை கணவாய் திறக்காது. நோயாளியை ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கும் பட்டியல், அதற்கும் நல்ல வானிலை. "என் பாட்டி பட்டியலில் இருந்தார்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாந்தியில் சந்திராவும் பாகாவும் சேர்கின்றன. சேர்ந்த பிறகு அதன் பெயர் சந்திரபாகா, கீழே போனால் செனாப். அங்கே உள்ள பெட்ரோல் பங்கின் பலகை பேர்போனது: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில். எங்கள் ஓட்டுநர் டாங்கை நிரப்பி, இரண்டு கேனிலும் பிடித்துக்கொண்டார்.

கீலாங்கில் ராஜ்மா சோறு, 150 ரூபாய். ராஜ்மா நன்றாக வெந்திருந்தது, காரம் மட்டும் இல்லை. மதியம் மூன்றுக்கே ஜிஸ்பா வந்துவிட்டோம். பாகா ஆற்றங்கரையில் ஒரு வீட்டின் மாடியறை. உயரம் 3,200 மீட்டர் சொச்சம். சீக்கிரம் வந்தது சோம்பலால் இல்லை, உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். ஊரில் டாக்டர் எழுதிக்கொடுத்த டயமாக்ஸ் மாத்திரையைப் போட்டதும் விரல்நுனி எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. அப்புறம் பத்து தடவை பாத்ரூம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

இங்கேயே என் தம்பியின் சிம் செத்துவிட்டது. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது என்று நான் ஊரிலேயே சொன்னேன். "நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவ" என்றான். என்னுடையது போஸ்ட்பெய்டு. ஆனால் சிக்னல் இருந்தால்தானே எந்தப் பெய்டும்?

செப்டம்பர் 7: ஜிஸ்பா – சர்ச்சு

இன்று பிள்ளையார் சதுர்த்தி. காலையில் குளிக்கத் தைரியம் வரவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு, போனில் இருந்த பிள்ளையார் படத்துக்கு ஒரு ஆப்பிளை வைத்தேன். குலுக்காரர் கொடுத்ததில் மிச்சம் இருந்தது.

நேற்றைய கெட்டிக்காரத்தனத்தை இன்று காலையில் தொலைத்தோம். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். தம்பி பராத்தா வந்த பிறகுதான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிட்டான். கிளம்பியது ஒன்பதே முக்கால். தார்ச்சா சோதனைச் சாவடியில் பெயர் பதிந்து, தீபக் தால் ஏரியில் இறங்கிப் படம் எடுத்து, ஜிங் ஜிங் பார் என்கிற இடத்தை நோக்கிப் போனோம். பெயரைப் பார்த்துத் தம்பி ஆர்வமானான். அங்கே டீக்கடைக் கூடாரங்கள்தான் இருக்கும் என்றார் ஓட்டுநர்.

அதற்கு முன்பே ஒரு ஓடை சாலையை மறித்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஏன் கிளம்ப வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது. இந்த ஓடைகளுக்கு மழை வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற மேலே பனிப்பாறை உருகும். காலையில் கணுக்கால் தண்ணீர், மதியம் முழங்கால் தாண்டும். இரவு உறைந்து மறுநாள் காலை மறுபடி கணுக்கால். எங்களுக்கு முன்னால் போன லாரி ஒன்று நடு ஓடையில் பின்சக்கரத்தைக் கல்லிடுக்கில் விட்டு நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மணி பன்னிரண்டு.

நான்கே கால் வரை அங்கேதான் நின்றோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இது என்னை நிஜமாகவே ஆச்சரியப்படுத்தியது. எங்கள் ஊர் லெவல் கிராசிங்கில் நான்கு நிமிடத்துக்கே நான்கு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஓட்டுநர்கள் இறங்கினார்கள், பேண்ட்டை மடக்கினார்கள், பனித்தண்ணீரில் நின்று கல் புரட்டினார்கள். கால் மரத்ததும் கரையேறுவார்கள். அடுத்த ஆள் இறங்குவார்.

சாலை வேலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார்கள். எல்லைச் சாலைகள் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள். மலைக்காரர்கள் என்று நினைத்தேன். ஜார்க்கண்ட், தும்கா மாவட்டமாம். வருடா வருடம் கோடையில் ரயிலேறி வந்து, பனி விழுவதற்குள் திரும்பிவிடுவார்கள். சமவெளியில் பிறந்தவர்கள். முகத்தில் துணி சுற்றி, கண் மட்டும் தெரிய, தார் காய்ச்சுகிறார்கள். ஒருவருக்கு என் மகன் வயது இருக்கும். பையிலிருந்த கைமுறுக்கு பாக்கெட்டை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் அரை மணி கழித்து ஒரு எவர்சில்வர் தம்ளரில் கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார். நிறைய சர்க்கரை. நான் குடித்து முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நின்று, தம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். முறுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

ஓடையைத் தாண்டிய பிறகு சூரஜ் தால். பச்சையும் நீலமும் கலந்த ஏரி, பாகா ஆறு பிறக்கும் இடம். இறங்கவில்லை, நேரமில்லை. பரலாச்சா லா கணவாய், 4,890 மீட்டர். கொடிகள் படபடத்தன. தலைக்குள் யாரோ மெதுவாக உலக்கை போட ஆரம்பித்தார்கள்.

இன்றே பாங் தாண்டி லே சேர்வதாக இருந்தது. நடக்கவில்லை. சர்ச்சுவில் ஒரு தாபா கூடாரத்தில் ராத்தங்கல், ஆளுக்கு 400 ரூபாய். ஐந்து கிலோ எடையுள்ள ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, இரண்டு. உயரம் 4,290 மீட்டர். இரவு தங்கக் கூடாத இடம் என்று எல்லோரும் எச்சரிக்கிற அதே சர்ச்சு. சாப்பிட என்ன இருக்கிறது என்றால் மேகி, 80 ரூபாய். மோமோ, 120 ரூபாய். மோமோ வந்தது. வெள்ளையாக, ஆவி பறக்க, மேலே மடிப்பு மடிப்பாக.

"அக்கா, கொழுக்கட்டை" என்றான் தம்பி.

உள்ளே முட்டைக்கோஸ். பிள்ளையார் மன்னிப்பார்.

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் மூச்சு நின்றுவிடும்போலத் திடுக்கிட்டு விழிப்பு வருகிறது. பக்கத்தில் தம்பி வேண்டுமென்றே சத்தமாக மூச்சு விட்டான், தான் உயிரோடு இருப்பதை எனக்குத் தெரிவிக்கிறானாம். இரண்டு மணிக்கு வெளியே போனேன். நட்சத்திரங்களைப் பற்றி எழுதலாம், ஆனால் அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றியது. காலடியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு வந்தேன்.

செப்டம்பர் 8: சர்ச்சு – லே

ஐந்தரைக்கே கிளம்பினோம். தம்பி பராத்தா என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை.

சர்ச்சுவிலிருந்து லே 250 கிலோமீட்டர். கவனித்தீர்களா, புந்தருக்கும் லேவுக்கும் வான்வழியில் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. இன்று ஒரு நாளைக்கு மட்டும்.

முதலில் காட்டா வளைவுகள், இருபத்தொரு கொண்டை ஊசி. நடுவில் ஒரு வளைவில் சின்னக் கல்மேடை, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் தண்ணீர் பாட்டில்கள். கதை இதுதான்: பல வருடங்களுக்கு முன் பனிக்காலத் தொடக்கத்தில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றது. ஓட்டுநர் உதவி தேடிப் போனார். கிளீனர் பையன் லாரியிலேயே இருந்தான். பனி விழுந்து வழி மூடிவிட்டது. ஓட்டுநர் திரும்பி வந்தபோது பையன் இல்லை. அதன் பிறகு இந்த வழியில் போகிறவர்களிடம் ஒரு பையன் தண்ணீர் கேட்பதாகப் பேச்சு. இசக்கியம்மன், சுடலைமாடன் கதைகளில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சொந்தக்காரர் கதை மாதிரி. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பீடம் எழுப்பிக் கொடை நடத்தியிருப்பார்கள். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தினார். ஒரு பாட்டிலை வைத்துவிட்டு வந்தேன். தம்பி ஒரு கடலை மிட்டாயும் வைத்தான்.

நகீ லா, லாச்சுலுங் லா என்று இரண்டு கணவாய்கள். இரண்டாவது 5,000 மீட்டருக்கு மேல். உலக்கை நிற்கவில்லை. பாங் வந்ததும் இறங்கி ஒரு கூடாரத்துக்குள் போய்ச் சாய்ந்துவிட்டேன். கடைக்கார அம்மாவை எங்கள் ஓட்டுநர் "ஆமா லே, ஆமா லே" என்று கூப்பிட்டார். தம்பி என் காதில், "அக்கா, நம்ம ஊர்க்காரன் எவனாவது இருக்கானா?" என்றான். லடாக்கி மொழியில் ஆமா என்றால் அம்மா. லே என்பது மரியாதை. நெல்லையில் அதே லேயை யாரிடம் எப்படிச் சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும். அறுபது வயதுப் பெண்மணியைப் பார்த்து மரியாதையாக "ஆமாலே" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பழகியது.

பாங் 4,600 மீட்டர். இங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியைத் திறந்த பானையில் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கடிக்கும். ஆமா லே பிரஷர் குக்கரில்தான் சோறு வைத்திருந்தார். சோற்றைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தேன். எடுத்தவள் யோசித்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இறுக்கி மூடிய மூடி, உள்ளே பாளையங்கோட்டைக் காற்று. வெளியே பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். திறந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், தம்பியின் வெள்ளைச் சட்டையில் தோள்பட்டை வரை நல்லெண்ணெயும் மிளகாயும். கூடாரமே சிரித்தது. பாயிலின் விதியைப் பாடமாக நடத்தாவிட்டாலும் தெரியும்தானே என்று அவன் என்னைக் கேட்டான். நான் கணக்கு டீச்சர், அது அறிவியல் டீச்சர் வேலை என்றேன்.

மிச்சமிருந்ததைச் சோற்றில் பிசைந்து ஆமா லேவுக்கும் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு உள்ளே போய் உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை எனக்குக் கொண்டுவந்து வைத்தார். டீ என்று நினைத்துக் குடித்தால் கஷ்டம். ரசம் என்று நினைத்துக் குடித்தேன், இறங்கியது. கிளம்பும்போது டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பாட்டிலைச் சைகையால் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மோரே சமவெளி நாற்பது கிலோமீட்டர், சீவிவிட்டது போன்ற சாலை. இரண்டு பக்கமும் மஞ்சள் மண், தூரத்தில் மலை, நடுவில் எங்கள் வண்டி மட்டும். நான் பாதி தூங்கிவிட்டேன். தங்லங் லா, 5,328 மீட்டர், இந்த வழியில் மிக உயரம். தம்பி இறங்கிப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டான், புளிக்காய்ச்சல் சட்டையோடு. நான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்ததோடு சரி.

அங்கிருந்து இறக்கம். ரும்ட்சேயில் முதல் பச்சை வயல், பார்லி அறுத்துக் கட்டுக் கட்டாக நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் கருஞ்சிவப்புப் பாறைகள். உப்ஷியில் சிந்து நதி வந்து சேர்ந்துகொண்டது. பாடப்புத்தகத்தில் எத்தனை தடவை வாசித்த பெயர்! சாம்பல் நிறத்தில், தாமிரபரணியைவிடக் குறுகலாக ஓடிக்கொண்டிருந்தது. உப்ஷியிலேயே என் போன் உயிர்பெற்றது. இரண்டு நாள் வாழ்த்தும், மகனின் ஒன்பது தவறிய அழைப்பும், "மின்கட்டணம் கட்டியாச்சா" என்ற ஒரு செய்தியும் மொத்தமாக வந்து விழுந்தன. தம்பி கையை நீட்டினான், வீட்டுக்குப் பேச. போஸ்ட்பெய்டைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைப் பற்றி இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மாலை ஐந்துக்கு லே. ஓட்டுநர் பையை மாடி வரை தூக்கி வைத்தார். நாளைக் காலை நான்கு மணிக்கே மணாலிக்குத் திரும்புகிறாராம், ஒரே மூச்சில். மணாலி வண்டியை இங்கே உள்ளூர் சுற்றிக்காட்ட விடமாட்டார்கள், அதற்கு லே வண்டிதான் எடுக்க வேண்டும். தம்பி பேரம் பேசிக் குறைத்த ஐந்நூறை அவனே எடுத்து அவர் கையில் வைத்தான்.

செப்டம்பர் 9: லே

விடுதிக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி: "விமானமா, சாலையா?" சாலை என்றதும் மாடியறை கொடுத்திருந்தார். விமானத்தில் வந்தவர்களுக்குக் கீழ்த்தளம்தானாம். அவர்கள் முதல் இரண்டு நாள் படியேறக் கூடாது, படுத்துத்தான் கிடக்க வேண்டும். டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் 3,256 மீட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் உடம்பு பின்தங்கித்தானே வரும்? முற்றத்தில் நேற்று விமானத்தில் வந்த புனேக்காரர் குடும்பம் மூன்று பேர் போர்வை போர்த்தி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி கணக்குப் போட்டான். "அப்படின்னா அந்த 50 நிமிஷ விமானம் இருந்திருந்தாலும், 50 நிமிஷமும் ரெண்டு நாளும்." முதல் தடவையாக ஒரு கணக்கை என் உதவி இல்லாமல் சரியாகப் போட்டிருக்கிறான்.

காலையில் கம்பீர் என்கிற தடித்த கோதுமை ரொட்டி, பாதாமிப் பழ (ஆப்ரிகாட்) ஜாம். மதியம் ஸ்க்யூ: மாவைக் கட்டைவிரலால் அழுத்திச் சிப்பி சிப்பியாகச் செய்து, கிழங்கும் காயும் போட்டுக் கொதிக்கவிடுவது. கடைத்தெருவில் நடைபாதையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்கறி விற்கிறார்கள். பேரம் பேசினால் சிரிக்கிறார்கள், குறைப்பதில்லை. உலர்ந்த பாதாமி கால் கிலோ 150 ரூபாய். அதை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பையும் தின்ன வேண்டும் என்று ஒரு கிழவி கல்லை எடுத்து உடைத்துக் காட்டினார். ஜூலே என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம். இப்படி ஒரு சொல் நமக்கும் இருந்தால் தேவலாம்.

விடுதிக்கார அம்மா இன்னொரு சங்கதி சொன்னார். ஜூலைக் கடைசியில் இங்கே வெயில் தாங்காமல் விமானங்கள் ரத்தாயினவாம். லேவில் வெயிலா என்று நானும் கேட்டேன். ஏற்கெனவே இங்கே காற்று அடர்த்தி குறைவு, சூடானால் இன்னும் மெலியும். மெலிந்த காற்று இறக்கையைத் தூக்காது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும், அதனால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. புந்தரில் மேகம், இங்கே வெயில். அங்கே ஓடுதளம் குட்டை, இங்கே காற்று குட்டை. இந்த இரண்டையும் ஒரே காலை வேளையில் ஒரே விமானம் பிடிக்க வேண்டுமானால், அந்த 254 கிலோமீட்டர் பறப்பதுதான் அதில் சுலபமான பகுதியாக இருக்கும்.

நாளை ஓய்வு. எழுத ஒன்றும் இருக்காது.

செப்டம்பர் 11: லே – டெல்லி

காலை ஏழு மணி விமானத்துக்கு நாலரைக்கே போகச் சொன்னார்கள். ஸ்பிதுக் மடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது நிலையம். குஷோக் பகுலா ரின்போச்சே பெயர். லடாக்கின் பெரிய லாமா, மங்கோலியாவில் நம் தூதராகவும் பல வருடம் இருந்தவர். ராணுவ விமானத்தளமும் இதுவே என்பதால் சோதனைக்கு மேல் சோதனை. என் பையில் பாதாமிக் கொட்டைகளைப் பார்த்துவிட்டு ஒரு காவலர் என்ன இது என்றார். சொன்னேன். "உடைக்கக் கல் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் போகச் சொன்னார். வேடிக்கையாகக் கேட்டாரா, நிஜமாகவா என்று இன்னும் தெரியவில்லை.

சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னலோரம் எனக்கு. விமானம் மேலே ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன், 7.08. வெள்ளை மலைகள், பழுப்பு மலைகள், நூல் மாதிரி ஒரு ஆறு. எங்கேயாவது காட்டா வளைவுகள் தெரிகிறதா என்று தேடினேன். வளைவுகள் மாதிரி தெரிந்ததெல்லாம் நிழல். தெற்கே போகப் போக மேகம் சேர்ந்தது. முழுக்க மூடிக்கொண்டது.

7.34 ஆனபோது தம்பியைத் தட்டினேன். "ஏலே, கீழ புந்தர் வந்திருக்கும்."

அவன் என் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தான். வெள்ளையாக மேகம் மட்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கும் அங்க விமானம் இறங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனான்.